சலவைக்குப் போன திரை

வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ. சப்பாத்தைத் துடைச்சுப்போட்டு வாங்கோ, இப்பதான் கூட்டினனான். எந்த வாங்கிலையும் இருக்கலாம், இப்ப பறவாயில்லை. ரெண்டு வருசத்துக்கு முதல் வந்திருந்தியள் எண்டால், உங்களை ஆரின்ரை பக்கம் இருத்துறது எண்டு நான் நிண்டு யோசிச்சிருப்பன்.

நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியும். என்ரை அண்ணையின்ரை மூத்த மருமகன், மேகலாவின்ரை அவர். குகதாஸ் எல்லோ பேர்? கலியாணத்துக்கு நான் வரேல்லை, படத்திலை பாத்தனான். நேரிலை கொஞ்சம் மெலிவா இருக்கிறியள். என்ன விசயமா வந்தனீங்கள் எண்டும் தெரியும். அண்ணை ஆஸ்பத்திரியிலை, இனித் தேறமாட்டார், ஒருக்கா வந்து பாருங்கோ எண்டு கேக்க வந்திருக்கிறியள். மேகலா ரெலிபோனிலை அழுதவ. அவவுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லுவன். அவர் முதல் என்னோடை கதைக்கட்டும். கனக்க வேண்டாம். 'பஞ்சன், வா' எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும். நான் ஒண்டும் கல்நெஞ்சுக்காரன் இல்லை.

பொறுங்கோ, பொறுங்கோ. நீங்கள் சொல்ல வாறது விளங்குது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. தேத்தண்ணி குடியுங்கோ, போத்தலிலை சுடச்சுட இருக்கு. இவ்வளவு தூரம் வந்திட்டியள், கோயிலைப் பாக்காமல் போறதே?

இந்தக் கிறிஸ்தவக் கோயிலுக்கு நான் மெஸ்மர். அப்பிடித்தான் இந்தப் பக்கத்திலை சொல்லுவினம். திறக்கிறது, பூட்டுறது, கூட்டுறது, மணி அடிக்கிறது எல்லாம் நான். ஓம், சைவக்காரன்தான். திருநீறு பூசிக்கொண்டுதான் வாறனான். சைவக்காரன் எண்டபடியாலைதான் இந்த வேலையே கிடைச்சது. சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான். அதை விளங்கப்படுத்துறதெண்டால் ஊரின்ரை சரித்திரம் சொல்லவேணும்.

ஹெக்கன்வில் சின்ன ஊர். மாடு கூட, சனம் குறைவு. ஆனால் ஊருக்கு வயசு ஆயிரத்து நூற்றைம்பது. எப்பிடித் தெரியுமெண்டால், அந்தக் காலத்திலை ஒரு மனுசன், செத்தாப்பிறகு தன்ரை ஆத்துமா நல்லாயிருக்கவேணும் எண்டு, இஞ்சை கிடந்த தன்ரை வயலை மலைக்கு அங்காலை இருந்த மடத்துக்கு உறுதி முடிச்சுக் குடுத்தவராம். அந்த உறுதியிலைதான் ஊரின்ரை பேர் முதன்முதல் வருதாம். பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்கு இதைப் பெருமையாச் சொல்லிக் குடுக்கினம். அந்த மனுசன் பெத்த பிள்ளையள் எப்பிடி வயிறெரிஞ்சிருக்கும் எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை.

அந்த மடத்திலையிருந்து வந்த துறவிதான் உந்தப் பக்கத்துப் பீடத்திலை நிக்கிறவர். புனித ஓட்லோ. கையிலை என்ன வைச்சிருக்கிறார், பாருங்கோ. அகப்பை. வாளில்லை, வேலில்லை, அகப்பை. பஞ்சம் வந்த வருசம் ஒரு பானைக் கஞ்சியை வைச்சு ஊருக்கே வாத்தவராம், பானை வத்தவேயில்லையாம். நான் இவரைக் கடந்து போகேக்கை கும்பிட்டிட்டுத்தான் போவன். அன்னதானம் குடுத்த சாமியைக் கும்பிட எனக்கென்ன வெக்கம்?

பிறகு, ஒரு ஐந்நூறு வருசத்துக்கு முதல், சூரிச் பக்கத்தாலை புதுக் கதை ஒண்டு வந்தது. சிலை வேண்டாம், படம் வேண்டாம், வேதப்புத்தகம் மட்டும் போதும் எண்டு. ஊர்ச்சனம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதுக்குள்ளை கூடி, கையைத் தூக்கிச் சமயம் மாறினவை. காலமை வரேக்கை ஒரு சமயம், மத்தியானம் சாப்பிடப் போகேக்கை வேறை சமயம். சிலையெல்லாத்தையும் முத்தத்திலை போட்டுக் கொளுத்தினவை. ஓட்லோவை மட்டும் ஒரு மனுசி தூக்கிக்கொண்டு போய்ப் பன்றிக் கொட்டிலுக்குள்ளை ஒளிச்சு வைச்சிட்டா. பேந்து சண்டை வந்து, ஆக்கள் செத்து, சமாதானமாகி, மடத்தின்ரை கை திரும்ப ஓங்க, ஊரிலை பாதி பழைய சமயத்துக்குத் திரும்பிட்டுது. மற்றப் பாதி திரும்பமாட்டம் எண்டு நிண்டிட்டுது. கோயிலோ ஒண்டு.

அப்ப என்ன செய்தவை? எங்கடை ஆக்கள் கிணத்தைப் பங்கு பிரிக்கிற மாதிரிப் பிரிச்சவை. ஞாயிற்றுக்கிழமை முதல் சீர்திருத்தச் சபைக்காரர், பேந்து கத்தோலிக்கர். சவக்காலையிலை வடக்குப் பக்கம் இவைக்கு, தெற்குப் பக்கம் அவைக்கு. இந்த வாங்குகளும் அப்பிடித்தான். ஓட்லோவும் கொட்டிலாலை திரும்பி வந்தவர், ஆனால் சீர்திருத்தக்காரர் செபிக்கேக்கை அவர் கண்ணிலை படக்கூடாது. அதுக்கு ஒரு திரை. பச்சைக் கம்பளித் திரை, மேலையிருந்து நிலம் மட்டும்.

திரைக்கு ரெண்டு கயிறு. மூடுற கயிறு சீர்திருத்தக்காரருக்கு, திறக்கிற கயிறு கத்தோலிக்கருக்கு. ஒருத்தற்றை கயிறை மற்றவர் தொடக்கூடாது. ஒருமுறை மூடுற கயிறு சிக்குப்பட்டுத் திரை திறக்கேலாமல் போச்சாம். அது அவையின்ரை கயிறு, நாங்கள் சிக்கெடுக்கமாட்டம் எண்டு கத்தோலிக்கர். திரை மூடிக் கிடக்கிறதாலை எங்களுக்கென்ன நட்டம் எண்டு சீர்திருத்தக்காரர். உயிர்த்த ஞாயிறு முழுக்கச் சாமி திரைக்குப் பின்னாலைதான். ரெண்டு மெஸ்மர், ரெண்டு திறப்பு, ரெண்டு விளக்குமாறு. இவ்வளவு படிச்ச நாடு தம்பி! ஒரு கயிறை ஆர் பிடிக்கிறது எண்டு சண்டை! எனக்கெண்டால் நினைச்சு நினைச்சுச் சிரிப்புத்தான்.

என்ன, வாயெடுக்கிறியள்? பொறுங்கோ, இனித்தான் நான் வாறன்.

காலம் போகப்போக ரெண்டு பக்கமும் சனம் குறைஞ்சிட்டுது. ஒரு மெஸ்மர் போதும் எண்டு வந்திட்டினம். ஆனால் ஆர்? கத்தோலிக்கர் சொல்லுற ஆளைச் சீர்திருத்தக்காரர் வேண்டாமெண்டினம், அவை சொல்லுற ஆளை இவை வேண்டாமெண்டினம். நான் அப்ப கீழைப் பாற்கட்டி செய்யிற இடத்திலை கழுவுற வேலை. அங்கை பால் கொண்டு வாறவர் போடன்மான் ஐயா, அவர்தான் சீர்திருத்தச் சபைத் தலைவர். ஒரு நாள் என்னை மேலையும் கீழையும் பாத்திட்டு, நீ என்ன சமயம் எண்டார். சைவம் எண்டன். அதுக்குப் போப்பாண்டவர் இருக்கிறாரோ எண்டார். இல்லை எண்டன். பால் தகரத்தை அப்பிடியே வைச்சிட்டுப் போய்க் கிமுண்டர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவ கத்தோலிக்கச் சபைத் தலைவி. அவ கேட்டா, உங்கடை கோயிலிலை சிலை இருக்கோ எண்டு. நிறைய எண்டன். ரெண்டு பேருக்கும் திருப்தி.

இந்தக் கோயில் சரித்திரத்திலை ரெண்டு கயிறையும் ஒரு கையாலை பிடிச்ச முதல் ஆள் நான்தான்.

நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. பேந்து சீர்திருத்தச் சபைக்குப் புதுசா ஒரு பாஸ்ரர் அம்மா வந்தா. நல்ல மனுசி, நல்ல குரல். ஆனால் 'கர்த்தருடைய கிருபை' எண்டு தொடங்குவா, தும்முவா. திரும்பத் தொடங்குவா, திரும்பத் தும்முவா. என்ரை மனுசி சொன்னா, உந்தத் திரையிலை இருக்கிற தூசிதான், கடைசியா எப்ப தோய்ச்சதோ எண்டு. விசாரிச்சுப் பாத்தன். தோய்ச்ச ஞாபகம் ஊரிலை ஒருத்தருக்கும் இல்லை. ஊரின்ரை பிறந்தநாள் விழாவும் கிட்டுது. நல்லதொண்டு செய்வம் எண்டு நினைச்சுக் கழட்டிக் கொண்டுபோய், வேட்டி தோய்க்கிற மாதிரிக் கொதிக்கிற தண்ணியிலை போட்டுத் தோய்ச்சன். கம்பளியெல்லே, சுருங்கிப்போச்சு.

கொண்டுவந்து கொளுவினால் சாமியின்ரை முழங்கால் தெரியுது.

அந்த ஞாயிறு சீர்திருத்தக்காரர் வந்து இருக்கினம். பாஸ்ரர் அம்மா ஒரு தும்மலும் இல்லாமல் அருமையாப் பிரசங்கம் வைக்கிறா. ஒருத்தரும் அவவைப் பாக்கேல்லை. எல்லாற்றை கண்ணும் திரைக்குக் கீழை நிக்கிற ரெண்டு வெறுங்காலிலை. போடன்மான் ஐயாவின்ரை கழுத்துச் சிவந்து போச்சு. நான் உந்தத் தூணுக்குப் பின்னாலை நிண்டு முருகா முருகா எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன்.

அண்டைக்கே கூட்டம். திரை நிலம் மட்டும் இருக்கவேணும் எண்டுதான் பழைய உடன்படிக்கை எண்டார் போடன்மான் ஐயா. திரை இருக்கவேணும் எண்டுதான் உடன்படிக்கை, திரை இருக்குத்தானே எண்டா கிமுண்டர் அம்மா. திரை தொங்கிற தடியைக் கீழை இறக்குவம் எண்டார் இவர். இறக்கினால் தலை தெரியும். அப்ப கால் தெரியிறது பிழையோ, தலை தெரியிறது பிழையோ எண்டு கதை. காலைப் பாத்து ஒருத்தரும் கும்பிடமாட்டினம், அதாலை கால் தெரியலாம் எண்டு சீர்திருத்தக்காரரிலை ஒருத்தர் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தன். நாங்கள் காலைத்தானே கும்பிடுறனாங்கள். கத்தோலிக்கரிலை ஒருத்தர், தலை மட்டும் தெரிய நிண்டால் சாமி தலைமயிர் வெட்ட இருக்கிற ஆள் மாதிரி இருப்பார் எண்டார். புதுத்திரை தைப்பிக்கலாம் எண்டால், துணியை எந்தப் பக்கம் தெரிவு செய்யிறது எண்டு அதுக்கும் சண்டை.

எனக்குப் பாவமாப் போச்சு. பிழை என்ரையெல்லே. என்ரை வீட்டு நிலவறையிலை ஒரு திரை சும்மா கிடந்தது. உங்களுக்குத் தெரியும், அதுதான். சிவப்புப் பட்டு, மயிலும் வேலும் போட்டது. அண்ணையின்ரை கோயில் திரை எண்டு நீங்கள் எல்லாரும் சொல்லுறது. அண்ணையின்ரை கோயிலாம்! நானும் அவரும் சேர்ந்து, அந்தப் பழைய டயர்க் களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்து, நிலத்தை உரஞ்சி உரஞ்சிக் கழுவித் தொடங்கின கோயில். அவர் தலைவர், சரி. திரை இழுக்கிறது நான். தொடக்கத்திலையிருந்து நான்தான். அலங்காரம் முடிஞ்சு, மணி அடிக்க, நான் கயிறை இழுக்க, சனம் 'அரோகரா' எண்ணும். அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் நான் கிழமை முழுக்க அந்தப் பாற்கட்டி நாத்தத்துக்குள்ளை நிண்டனான்.

ஒரு திருவிழாவுக்குச் சூரிச்சிலையிருந்து ஒரு பெரியவர் வந்தார், பெரிய உபயகாரர். அண்ணை அவ்வளவு சனத்துக்கு முன்னாலை, 'பஞ்சன், கயிறை ஐயாவிட்டைக் குடு' எண்டார். திரும்பிக்கூடப் பாக்கேல்லை என்னை. நான் குடுத்தன். பூசை முடியுமட்டும் நிண்டன். எல்லாரும் சாப்பிடப் போனாப்பிறகு ஏணியை வைச்சுத் திரையைக் கழட்டி மடிச்சுக்கொண்டு வந்திட்டன். அதுக்குப் பிறகு நான் அவரோடை கதைக்கேல்லை, அவர் என்னோடை கதைக்கேல்லை. ஆக்களை விட்டுத் திரையைக் கேப்பிச்சவர். நான் குடுக்கேல்லை. தானே வந்து கேக்கட்டும். பதினொரு வருசம்.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? இது வேறை, தம்பி. இவையின்ரை சண்டை விசர்ச் சண்டை. எங்கடையிலை ஞாயம் இருக்கு.

சரி, விட்ட இடத்துக்கு வாறன். பச்சைத் திரையைக் கழட்டி வீட்டிலை வைச்சிட்டு, அந்த மயில் திரையைக் கொண்டுவந்து ஓட்லோவுக்கு முன்னாலை கட்டினன். ஓம், அண்ணை கேட்டுக் குடுக்காததைத்தான் இவைக்குக் குடுத்தனான். இவை கேக்கேல்லையே. என்ன வடிவு தெரியுமோ? நிலம் மட்டும் வந்தது. ரெண்டு சபையும் வந்து நிண்டு பாத்தினம். கன நேரம் பாத்தினம். பிறகு போடன்மான் ஐயா மெல்லமாச் சொன்னார், மயில் என்னையே பாக்குது எண்டு. கிமுண்டர் அம்மா, ஓம், என்னையும் பாக்குது எண்டா. வேண்டாம் எண்டு ரெண்டு பக்கமும் கையைத் தூக்கிச்சினம். ஐந்நூறு வருசத்திலை ரெண்டு பகுதியும் ஒண்டாக் கைதூக்கினது அண்டைக்குத்தான். பாஸ்ரர் அம்மா கண்ணைத் துடைச்சவ. நான் திரையைக் கழட்டி மடிச்சுத் திரும்பவும் நிலவறையிலை வைச்சன்.

உங்கடை பஸ் போகுது. சத்தம் கேக்குதே? போகட்டும், அடுத்தது வரும்.

இப்ப ரெண்டு திரையும் இல்லை. அடுத்த ஞாயிறு கிட்டுது. கூட்டத்திலை கிமுண்டர் அம்மா கேட்டா, அந்தப் பச்சைத் திரை எங்கை எண்டு. வீட்டிலை எண்டன். ஏன் இன்னும் கொண்டுவரேல்லை எண்டா. நான் பயத்திலை வாய்க்கு வந்தபடி, இன்னும் காயேல்லை எண்டு சொல்லிப்போட்டன். கம்பளி காய நாள் எடுக்கும் எண்டன். அது காய்ஞ்சு தொங்கினதை எல்லாரும் கண்டதுதான். போடன்மான் ஐயா நிமிர்ந்தார். 'அப்ப திரை சலவையிலை இருக்கு' எண்டார். கிமுண்டர் அம்மா கொஞ்சம் யோசிச்சா. 'ஓம், சலவையிலை இருக்கு' எண்டா. திரை சலவையாலை வருமட்டும் திரை இல்லாமல் நடக்கட்டும் எண்டு தீர்மானம். எல்லாரும் எழும்பி வீட்டை போச்சினம்.

ரெண்டு வருசமாச்சு. இன்னும் சலவையிலைதான். றோட்டிலை கண்டால் போடன்மான் ஐயா கேப்பார், காய்ஞ்சிட்டுதோ எண்டு. இன்னும் ஈரம் ஐயா எண்டுவன். அவசரப்படாதை, வடிவாக் காயட்டும் எண்டுவார். முகத்திலை ஒரு சிரிப்பும் இராது. போன திருநாளுக்கு ஓட்லோவின்ரை பேரிலை வெளியிலை கஞ்சி காய்ச்சினவை, அகப்பை பிடிச்சு வாத்தது ஆர் தெரியுமோ? போடன்மான் ஐயா. கேட்டால், கஞ்சிக்குச் சமயம் இல்லையாம்.

இதைச் சமாதானம் எண்டு சொல்லுவியளோ? நான் சொல்லமாட்டன். விட்டுக்குடுத்தம் எண்டு ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. போகட்டும் விடு எண்டு சொல்ல வாய் வராது இவைக்கு. இப்பிடியும் ஒரு பிடிவாதம் பிடிச்ச சனத்தை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை.

சரி, நான் சொல்லிமுடிச்சிட்டன். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லுங்கோ. ஆனால் என்ரை மறுமொழி அதேதான். அவர் முதல் கதைக்கட்டும்.

என்ன?

கதைச்சவரோ? எப்ப?

அண்ணைக்கு இப்ப ஆக்களை மட்டுக்கட்ட ஏலாது எண்டுறியள். மேகலாவையும் தெரியேல்லை. ம். ஒருத்தரும் எனக்கு அதைச் சொல்லேல்லை. பிறகு?

உங்களைக் கண்டு நானெண்டு நினைச்சவரோ? நேற்றோ? 'பஞ்சன், வந்திட்டியோ' எண்டு கேட்டவர். நீங்கள் என்ன சொன்னனீங்கள்? …'ஓம் அண்ணை' எண்டு சொன்னனீங்கள். ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? உங்களை ஆர் கேட்டது?

சரி. சரி. குறை நினைக்காதேங்கோ. கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டால் வேறை என்னத்தைச் சொல்லுறது.

கன நேரம் கதைச்சவரோ? அழுதவரோ? அண்ணையோ? என்ன சொல்லி… இல்லை, வேண்டாம். சொல்லாதேங்கோ. வாயைத் திறக்காதேங்கோ தம்பி, உங்களைக் கும்பிட்டன். அது எனக்குச் சொன்னது. உங்களுக்குச் சொன்னதில்லை.

இதையல்லோ வந்தவுடனை சொல்லியிருக்கவேணும்! என்ரை வாயைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறியள். பஸ்ஸையும் விட்டிட்டம். எழும்புங்கோ. தேத்தண்ணி கிடக்கட்டும், கதவும் கிடக்கட்டும், ஆரும் ஓட்லோவைத் தூக்கிக்கொண்டு போகமாட்டினம். போடன்மான் ஐயாவிட்டைக் கார் இருக்கு, கேட்டால் கொண்டுபோய் விடுவார். சுறுக்கா வாங்கோ.

தம்பி… இவ்வளவு நேரம் கதைச்சவர் எண்டுறியள். நான் போய்ப் பக்கத்திலை நிண்டால், திரும்பவும் ஒருக்காச் சொல்லுவாரோ?